பனித்தரையில் முதல் பருவம்: சிறுவர் ஹொக்கிக்குப் பயிற்சியாளராகப் போகிறவருக்கு

ஓகஸ்ட் கடைசி வாரம். கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் வெயில் இன்னும் முதுகைச் சுடுகிறது. கறிவேப்பிலைத் தொட்டிகளை வீட்டுக்குள் எடுக்கும் யோசனை யாருக்கும் வரவில்லை. அந்த நேரத்தில் பிள்ளையின் ஹொக்கிச் சங்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது: யு-9 அணி ஒன்றுக்குப் பயிற்சியாளர் இல்லை, பெற்றோரில் யாராவது முன்வர முடியுமா? நீங்கள் மனமிரங்கி “சரி” என்று பதில் போட்டுவிட்டீர்கள். இனி என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என்னையும் இப்படித்தான் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் கிடப்பது. ஸ்கேட்ஸ் என்னும் சறுக்குச் சப்பாத்தை முதன்முதலில் காலில் மாட்டியபோது எனக்கு வயது முப்பத்தாறு. இப்போது நான்காவது பருவத்துக்காக, பிள்ளைகளைவிட அதிக ஆவலோடு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இந்த மூன்று வருடத்தில் நான் கண்டது ஒன்று: பருவம் நன்றாகப் போவதும் குழம்பிப் போவதும் அதற்கு முந்திய ஆறு வாரத்தில் செய்துவைக்கும் சில்லறை வேலைகளில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் சொல்வதெல்லாம் ஒன்ராறியோவின் ஹவுஸ் லீக் பற்றியது. பணம் கட்டிப் பதிந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமுள்ள ஆட்டம் அது. தேர்வு வைத்து ஆள் எடுக்கும் ‘ரெப்’ அணிகளின் உலகம் வேறு. யு-9 என்றால் டிசெம்பர் 31 அன்று ஒன்பது வயது நிரம்பாத பிள்ளைகள். பெரும்பாலும் ஏழு, எட்டு வயதினர். பழைய ஆட்கள் இந்தப் பிரிவை ‘நொவிஸ்’ என்பார்கள். 2020-21 பருவத்தில், நாட்டின் ஹொக்கியை நடத்தும் அமைப்பான ஹொக்கி கனடா எல்லாப் பிரிவுகளின் பெயரையும் வயதெண்ணுக்கு மாற்றிவிட்டது.

முதலில் கடதாசி வேலை

பொலிஸ் சான்றிதழுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். சாதாரணக் குற்றப்பதிவுச் சான்று போதாது. பிள்ளைகளோடு பழகுகிறவர்களுக்கென்று விரிவான சோதனை ஒன்று இருக்கிறது; சங்கம் அதைத்தான் கேட்கும். தொண்டராக வேலை செய்கிறீர்கள் என்று சங்கத்திடம் கடிதம் வாங்கி அதோடு இணைக்க வேண்டும். சில சமயம் கைரேகை கொடுக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பயப்பட வேண்டாம். மன்னிப்புப் பெற்ற குற்றவாளி ஒருவரின் பிறந்த தேதியும் பாலினமும் உங்களுடையவற்றோடு ஒத்துப்போனாலே அப்படிக் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணா, கைரேகைக் கடிதத்தைக் கண்டதும் “என்னைக் கள்ளன் என்று நினைத்துவிட்டார்கள்” என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். அதில் ஒன்றுமில்லை. ஆனால் வாரக்கணக்கில் இழுபடும்.

அது வருவதற்குள் இணையவழிப் பாடங்களை முடித்துவிடலாம். துன்புறுத்தலைத் தடுப்பது பற்றிய பாடம் ஒன்று, ஹொக்கி கனடாவின் பயிற்சியாளர் பாடம் ஒன்று, பாலின அடையாளம் பற்றியது ஒன்று. கடைசியாகப் பனித்தரையில் நடக்கும் செய்முறைப் பகுதி. பிள்ளைகள் உறங்கிய பின் தேநீரோடு உட்கார்ந்தால் இணையப் பகுதி சில இரவுகளில் தீர்ந்துவிடும்.

ரோவன் சட்டத்துக்கான ஒப்புதலை மட்டும் மற்றவற்றைப்போல் தட்டிவிட்டுப் போகாதீர்கள். ரோவன் ஸ்ட்ரிங்கர் ஒட்டாவாவில் ரக்பி ஆடிய பதினேழு வயதுப் பெண். 2013இல், தலையில் பட்ட அடி ஆறுவதற்குள் மறுபடியும் அடிபட்டு இறந்துபோனாள். அவள் பெயரில் ஒன்ராறியோ 2018இல் சட்டம் இயற்றியது. மூளை அதிர்ச்சி பற்றிய குறிப்பை ஆட்டக்காரரும் பெற்றோரும் பயிற்சியாளரும் ஒவ்வோர் ஆண்டும் படித்துவிட்டோம் என்று உறுதி சொல்ல வேண்டும். பனித்தரையில் இது எப்படி நடக்கும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆள் சேர்த்தல்

நீங்கள் தனியாளாக இதைச் செய்ய முடியாது. அணிக்குச் சான்றிதழ் பெற்ற ‘டிரெய்னர்’ ஒருவர் கட்டாயம் வேண்டும். பெயரைக் கேட்டுவிட்டு உடற்பயிற்சி ஆசிரியர் என்று நினைத்துவிடாதீர்கள். காயம் பட்டால் முதலில் ஓடுகிறவர் அவர்தான். அவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பாடத்தை முடித்த எந்தப் பெற்றோரும் போதும். ஆனாலும் நம்மவர்களில் தாதியாக வேலை செய்யும் அம்மாமார் ஒருவரையாவது அணியில் காணலாம். முதல் நாளே அவரிடம் கேட்டுவிடுங்கள். பிந்தினால் வேறு அணிக்காரர் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

அடுத்து, மின்னஞ்சலும் பணமும் கவனிக்க ஒரு மேலாளர். பனித்தரையில் உங்களோடு நிற்க இரண்டு மூன்று பேர். உங்களுக்கு நன்றாகச் சறுக்க வராது என்றால், மூத்த பிரிவில் ஆடுகிற பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை ஒருவரைத் தேடுங்கள். பள்ளிக்கூடத் தொண்டு மணித்தியாலத்துக்காக மகிழ்ச்சியோடு வருவார்கள். என் அணிக்கு வந்த ஒரு பெண், பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே பிள்ளைகளோடு கதைப்பாள். நான் அரை மணி நேரம் விளக்கியும் ஏறாததை அவள் ஒரு தடவை செய்துகாட்டினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சங்கத்தின் பட்டியலில் பெயர் பதியாத எவரும் பனித்தரையில் கால் வைக்கக் கூடாது. காப்புறுதி அவர்களுக்குச் செல்லாது.

உங்கள் சறுக்கலைப் பற்றியும் ஒரு சொல். ரொறன்ரோவின் அரினாக்களில், அதாவது பனித்தரை அரங்குகளில், பொதுமக்கள் சறுக்கும் நேரங்கள் உண்டு. வாரம் இரண்டு முறை போங்கள். நிற்கவும் திரும்பவும் விழுந்தால் எழும்பவும் வந்தால் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் போதும். பயிற்சியாளரும் பனித்தரையில் ஹெல்மெட் அணிந்து தாடைப் பட்டியை இறுக்க வேண்டும். அது விதி.

பெற்றோர் கூட்டம்

செப்டெம்பரில் பிள்ளைகளைச் சறுக்கவிட்டுப் பார்த்து, அணிகளைச் சமநிலையாகப் பிரிப்பார்கள். பட்டியல் கைக்கு வந்த வாரமே பெற்றோரைக் கூட்டுங்கள். அரினாவின் தேநீர்க்கடை மூலையே போதும், இருபது நிமிடம். இதை நான் முதல் வருடம் செய்யாமல் விட்டேன். டிசெம்பரில் அதன் பலனை அனுபவித்தேன்.

அன்று சொல்ல வேண்டியவை: எல்லாப் பிள்ளைகளுக்கும் சம அளவு ஆட்ட நேரம். கெட்டிக்காரன், புதியவன் என்ற பேதம் இல்லை. ஆட்டம் முடிந்த சூட்டில் என்னிடம் முறையிட வர வேண்டாம். இருபத்துநான்கு மணி நேரம் போகட்டும், பிறகு பேசுவோம். இந்த இருபத்துநான்கு மணி விதி இங்கே பல சங்கங்களில் உள்ளதுதான். இரவு கழிந்தால் பாதி முறைப்பாடுகள் தாமாகவே ஆவியாகிவிடும். உடைமாற்றும் அறையில் எப்போதும் பொலிஸ் சோதனை முடித்த பெரியவர்கள் இருவர் இருப்பார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்தே உள்ளுடுப்புக்கு மேல் முழுக்கை, முழுக்கால் உடுப்பு அணிந்து வர வேண்டும். அந்த அறையில் கைத்தொலைபேசியால் படம் எடுப்பதற்கு இடமே இல்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, பரதநாட்டியம், மிருதங்கம் பற்றியும் அன்றே கேட்டுவிடுங்கள். நம் வீடுகளில் சனிக்கிழமை என்பது பாயசச் சட்டியைப்போல் பலர் கரண்டி போடும் நாள். யார் எந்த வாரம் வரமாட்டார் என்று முன்பே தெரிந்தால், காலை ஏழு மணி ஆட்டத்துக்கு ஆறு பிள்ளைகளோடு நின்று கையைப் பிசைய வேண்டிவராது. தமிழ் வகுப்பை விட்டுவிட்டு வா என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன ஒரு பயிற்சியாளரை ஓர் அம்மம்மா அடுத்த இரண்டு வருடத்துக்கும் மறக்கவில்லை. அந்தப் பயிற்சியாளர் நான்தான்.

யாராவது ஓர் அப்பா, மகன் எப்போது என்.எச்.எல். என்ற உயர்மட்டத் தொழில்முறை லீக்குக்குப் போவான் என்று பாதி விளையாட்டாகவும் பாதி மெய்யாகவும் கேட்பார். ஸ்காபரோவில் வளர்ந்த வெய்ன் சிம்மண்ட்ஸ் 2007இல் லொஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குத் தெரிவாகி அங்கே போய் ஆடியவர்தான். ஆகவே கேள்வியைச் சிரித்து ஒதுக்க முடியாது. நான் சொல்லும் பதில்: “அண்ணா, முதலில் அடுத்த செப்டெம்பரில் அவன் தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு வரட்டும்.” வெற்றியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பவர்களுக்கு வேறு பதில் இருக்கிறது: ரொறன்ரோ 1967க்குப் பிறகு என்.எச்.எல். வெற்றியாளருக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையைக் கண்டதில்லை, அதற்காக யாரும் ஹொக்கியை விட்டுவிடவில்லை.

பையில் என்ன இருக்க வேண்டும்

பொருட்கள் விலை. முழுவதையும் புதிதாக வாங்கினால் கை சுடும். தோள் காப்பு, முழங்கைக் காப்பு, காற்சட்டை, கையுறை எல்லாம் பழையதாக வாங்கலாம். பிள்ளை ஒரு வருடத்தில் வளர்ந்துவிடும். ஹெல்மெட் மட்டும் புதிதாக இருக்கட்டும். சி.எஸ்.ஏ. என்ற தரச்சான்று முத்திரை ஒட்டிய ஹெல்மெட்டும் முழு முகக்கூடும் வேண்டும். கழுத்துக் காப்பில் பி.என்.க்யூ. என்ற தரச்சான்று முத்திரை இருக்க வேண்டும். 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தில் அடம் ஜோன்சன் என்ற ஆட்டக்காரர் ஸ்கேட் கழுத்தை வெட்டியதில் இறந்த பிறகு, இதை ஏன் போட வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்பதில்லை.

ஸ்கேட்ஸ் சப்பாத்தின் அளவைவிட ஒன்று, ஒன்றரை அளவு சிறியதாக இருக்கும். வளரட்டும் என்று பெரிதாக வாங்கிக் கொடுப்பது நம் பழக்கம். பள்ளிச் சீருடைக்கு அது சரி. ஸ்கேட்ஸுக்கு அது கணுக்காலை உடைக்கிற யோசனை. மட்டையைச் சப்பாத்தோடு நின்று பிடித்தால் மூக்குவரை, ஸ்கேட்ஸோடு நின்றால் தாடைவரை வர வேண்டும். அதிகமாக இருந்தால் ஈர்வாளால் அறுத்துவிடுங்கள். விலை கொடுத்து வாங்கியதை அறுக்க மனம் வராதுதான்.

இனி என் முதல் பயிற்சியின் கதை. ஒரு சிறுவன் இரண்டு அடிக்கு ஒரு தடவை விழுந்தான். எழுந்தான், விழுந்தான். அவனுக்குச் சமநிலை வரவில்லை என்று நினைத்து நாற்பது நிமிடம் நானே கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். மனமுடைந்து அவன் அழுதான். உடைமாற்றும் அறையில் ஸ்கேட்ஸைக் கழற்றி நகத்தால் அலகை உரசிப் பார்த்தபோதுதான் புரிந்தது: அது ஒருபோதும் தீட்டப்படவே இல்லை. புது ஸ்கேட்ஸ் பெட்டியிலிருந்து வரும்போது கூராக இருக்காது என்பது அவன் அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விற்ற கடைக்காரரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தீட்டிக்கொண்டு வந்தவன் முழு நீளமும் போய்ச் சேர்ந்தான். ஆகவே முதல் பயிற்சிக்கு முன் ஒவ்வொரு சோடி ஸ்கேட்ஸையும் நீங்களே நகத்தில் உரசிப் பாருங்கள். நகம் மெல்லச் சீவப்பட்டு வெண்தூள் வந்தால் கூர் இருக்கிறது. நகம் வழுக்கினால் தீட்டக் கொடுக்க வேண்டும்.

உடுத்தும் வரிசையும் புதியவர்களுக்குக் குழப்பமானது. இடுப்புக்குக் கீழ்க் காப்பு முதலில். பிறகு முன்கால் காப்பு, அதற்கு மேல் நீளக் காலுறை, காற்சட்டை, ஸ்கேட்ஸ். அதன் பின்தான் தோள், முழங்கை, கழுத்து, மேற்சட்டை, ஹெல்மெட், கடைசியில் கையுறை. தோள் காப்பை முதலில் மாட்டிய பிள்ளை குனிந்து ஸ்கேட்ஸ் கட்ட முடியாமல் ஆமைபோல் உருளும். இதைத் தமிழில் எழுதிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தாத்தாமார்தான் அதிகம் நன்றி சொன்னார்கள். வார நாட்களில் கூட்டிவருகிறவர்கள் அவர்கள்தானே.

முதல் பயிற்சி

உங்களுக்குக் கிடைப்பது ஐம்பது நிமிடம். மீதிப் பத்து நிமிடம் சம்போனி என்னும் வண்டி பனித்தரையை மெழுகுவதற்கு. அந்த வண்டி வெளியேறிக் கதவு மூடும்வரை ஒரு பிள்ளைகூடப் பனித்தரையில் இறங்கக் கூடாது. பல சமயம் அரைத்தரைதான் உங்களுடையது, மறுபாதியில் வேறு அணி. முழுத்தரை 200 அடி நீளம், 85 அடி அகலம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் பாதியே வயல்வெளி.

புதிய பயிற்சியாளர் எல்லோரும் செய்யும் பிழை, பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்துவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினைந்து பிள்ளைகள், ஒருவருக்கு இருபது விநாடி. ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம். ஒவ்வொரு பிள்ளையும் இருபது விநாடி சறுக்கிவிட்டு நாலரை நிமிடத்துக்கு மேல் குளிரில் நிற்கிறது. நிற்கிற பிள்ளை முதலில் பனியைச் சுரண்டும், பிறகு முன்னால் நிற்பவனின் காலை மட்டையால் தட்டும், பிறகு சிறுநீர் வருகிறது என்று சொல்லும். முழுக் கவசத்தைக் கழற்றி மறுபடி மாட்டப் பத்து நிமிடம் ஆகும்.

அதனால் தரையை நாலு மூலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நாலு குழு, நாலு வேலை, ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிடம், பிறகு விசில், அடுத்த மூலை. நான் முதல் நாள் வைப்பது இது: ஒரு மூலையில் விழுவதும் எழுவதும். ஆம், வேண்டுமென்றே விழச் சொல்லுங்கள்; முழங்காலில், வயிற்றில், உருண்டு. விழுகிற பயம் போனால் பாதிப் பாடம் முடிந்தது. இரண்டாம் மூலையில் காலை விரித்துப் பனியைச் சீவி நிற்பது. மூன்றாவதில் கூம்புகளைச் சுற்றிப் பக் என்னும் ரப்பர் வட்டைக் கொண்டுபோவது. நாலாவதில் சின்னக் கோல் வலை ஒன்றை வைத்து இரண்டுக்கு இரண்டு ஆட்டம். எந்தக் குழுவும் அந்த நாலாவது மூலையைத்தான் கேட்கும். அதைத் தண்டனையாகவும் பரிசாகவும் ஆக்காதீர்கள், எல்லோருக்கும் அது உண்டு.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் பிடித்து விளையாட விடுங்கள். கடைசி எட்டு நிமிடம் முழு ஆட்டம். மீதி நேரம் மூலைக்கு மூலை மாறுவதிலும், ஹெல்மெட் பட்டி கழன்றவனுக்கு அதை மாட்டுவதிலும் போய்விடும்.

பக்கிலும் வேறுபாடு உண்டு. பெரியவர்களின் கறுப்புப் பக் 6 அவுன்ஸ். சிறியவர்களுக்கென்று 4 அவுன்ஸில் நீல நிறப் பக் இருக்கிறது. கறுப்பை அடிக்க முயன்று முழங்கை நோகிற பிள்ளை, நீலத்தைக் கொடுத்ததும் வலையின் மேல்மூலைக்கு உயர்த்தும். பயிற்சிக்கு இருபது நீலப் பக் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கத்தை உடைமாற்றும் அறையிலேயே, சிறு வெண்பலகையில் படம் போட்டு முடித்துவிடுங்கள். பனித்தரையில் நீங்கள் பேசுவது முப்பது விநாடியைத் தாண்ட வேண்டாம். பேசும்போது ஒரு முழங்காலில் மண்டியிட்டுப் பிள்ளையின் கண் உயரத்துக்கு வாருங்கள். நீங்கள் தடுப்புப் பலகைப் பக்கம் முதுகைக் காட்டி நின்றால், உங்களுக்குப் பின்னால் கண்ணாடிக்கு அப்பால் அம்மா கையசைப்பதையே அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பலகைப் பக்கம் சாயவிட்டு நீங்கள் நடுத்தரைப் பக்கம் நில்லுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பருவம் போனது.

ஆட்ட நாள்

இந்த வயதில் ஆட்டமும் பெரும்பாலும் அரைத்தரையில்தான், நாலுக்கு நாலு. அப்போது ஆஃப்சைடு, ஐசிங் என்ற பெரியவர் ஆட்ட விதிகளைப் பற்றிய கவலை இல்லை. உடலால் மோதித் தள்ளுவதற்கும் இடமில்லை. ஆள் மாற்றுவதற்கான ஒலி எழுந்ததும் பக்கை விட்டுவிட்டு எல்லோரும் வெளியே, அடுத்த நால்வர் உள்ளே. யார் யாரோடு இறங்குவது என்பதை முதல் நாள் இரவே ஒரு துண்டில் எழுதி வையுங்கள். பெஞ்சில் நின்று யோசித்தால், சத்தமாகக் கேட்கிற பிள்ளை இரண்டு முறை இறங்கிவிடும். அமைதியான பிள்ளை இருந்தபடியே இருக்கும். கோல் காப்பாளரை ஒவ்வொரு வாரமும் மாற்றுங்கள். விருப்பமில்லாதவரை வற்புறுத்தத் தேவையில்லை, அந்தப் பெரிய கால் காப்புகளின் அழகிலேயே ஆள் சேரும்.

பார்வையாளர் பக்கத்திலிருந்து “அடி! அடி!” என்று கத்துகிற அப்பாமாரைப் பற்றி: பக்கை வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் குரல் மட்டுமே கேட்கும், பக்கத்தில் தனியாக நிற்கும் தோழன் தெரியமாட்டான். கூட்டத்தில் சொல்லியும் கேட்காதவருக்குக் கடிகாரம் பார்க்கும் வேலையைக் கொடுங்கள். அந்த மேசையில் உட்கார்ந்தவர் கத்தக் கூடாது.

தலையில் அடிபட்டால், அல்லது பட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, அந்தப் பிள்ளை அன்றைக்கு மறுபடி இறங்காது. டிரெய்னர் சொன்னால் சொன்னதுதான். பிள்ளை “எனக்கு ஒன்றுமில்லை, கோச்” என்று அழுதாலும், அப்பா வந்து சண்டை பிடித்தாலும், மறுபடி ஆடுவதற்கு மருத்துவரின் அனுமதி வேண்டும். இரண்டாம் வருடம் ஒரு பிள்ளையை இப்படி உட்கார வைத்தேன். பாட்டியார் ஒருவர் மட்டும் மேலிருந்து கைகூப்பினார். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பரவாயில்லை.

ஒக்டோபருக்கு முன் இந்த வாரம்

பொலிஸ் விண்ணப்பம், டிரெய்னர் பெயர், பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தேதி. இவை மூன்றும் முடிந்தால் செப்டெம்பரில் உறக்கம் வரும். மற்றவற்றைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சித் திட்டங்களுக்கு ஹொக்கி கனடாவின் இணையத்தளத்தில் வயதுவாரியாகப் படங்களோடு வேண்டியவை கிடைக்கும். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒன்றைத் தாளில் அச்சடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். கையுறையோடு தொலைபேசியைத் தட்ட முடியாது.

என் பையை நேற்று கராஜிலிருந்து இறக்கினேன். திறந்ததும் போன பங்குனியின் வியர்வை வாடை அப்படியே இருந்தது. இருபது நீலப் பக்கில் பதினேழுதான் மிஞ்சியிருக்கின்றன. ஸ்கேட்ஸை நகத்தில் உரசிப் பார்த்தேன், வழுக்கியது. தீட்டக் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.